கோட்டையின் பின்சுவர்

கம்ப்யூட்டர் சென்டருக்குள் போவதென்றால் செருப்பை வெளியே கழற்றிப் போட வேண்டும் என்று ஓர் அட்டை தொங்கியது. சமுத்திரம் அதைப் படித்துவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவரைப் போல இரண்டு காலையும் உதறிக்கொண்டு நின்றார். ஒரு பெட்டிக்குப் போய் இவ்வளவு மரியாதையா என்று வேறு சமயமாக இருந்தால் கேலி பேசியிருப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது, மாடியில் சென்டர் இயங்கிய அந்தப் பழைய மச்சு வீடு. படியேறும்போதே அவருடைய கை தானாகச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டது. சுண்ணாம்புக் காரை, உள்ளே நாட்டுச் செங்கல், தலைக்கு மேலே தேக்கு உத்திரம். இடித்தால் நல்ல சாமான் தேறும். பழைய வீடுகளை மொத்தமாகப் பேசி வாங்கி, இடித்து, நிலையும் கதவும் ஓடும் செங்கலுமாகப் பிரித்து விற்பதுதான் அவர் தொழில். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் கிடங்கு வைத்திருந்தார். பெற்ற பிள்ளை செத்து நாலு மாதம் ஆகிறது, இன்னும் இந்தக் கை சுவரைத் தட்டுகிறதே என்று அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரே மகன். வைகுண்டராஜ் என்று பெயர். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம்; மஞ்சள் காமாலையில் போய்விட்டான். இந்தச் சென்டர் அவனும் பால்ச்சாமியும் கூட்டாக நடத்தியது. பால்ச்சாமி தூரத்து உறவில் சமுத்திரத்துக்கு மருமகன் முறை. காலையில் கிடங்குக்கு வந்தவன், அடுக்கி வைத்த கதவுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "செத்த வந்து பாருங்க மாமா. நான் சொன்னா நம்ப மாட்டீக" என்று மட்டும் சொல்லி, அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தான்.

உள்ளே ஏசி குளிர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். படிக்கிற பிள்ளைகள் யாரும் இல்லை. கம்ப்யூட்டர்கள் எல்லாம் துணி உறைக்குள் இருந்தன. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு சிலவற்றில் காய்ந்து ஒட்டியிருந்தது. மூலையில் ஒன்றை மட்டும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான் பால்ச்சாமி. அது வைகுண்டராஜுடையது.

"ஏம்லே இதை மட்டும் திருப்பி வச்சிருக்க?"

"பாக்க முடியல மாமா."

அந்தப் பெட்டி வீட்டை விட்டு வந்த விதம் அவ்வளவு நல்லதில்லை. வைகுண்டராஜ் போனது அவிட்ட நட்சத்திரத்தில். அடைப்பு என்றார்கள் பெரியவர்கள். அவிட்டத்தில் போனவன் போன வழியை மறக்க மாட்டான். திரும்பி வந்து இன்னோர் ஆளையும் கூட்டிக்கொண்டு போவான். அதனால் வாசல் வழியாகத் தூக்கக் கூடாது. செத்த அறையின் சுவரை இடித்து அந்த வழியாகக் கொண்டு போய், பிறகு அதை அடைத்து, அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். சமுத்திரம் வேறு யாரையும் கடப்பாரையைத் தொட விடவில்லை. தானே பின்சுவரை இடித்தார். பிள்ளையின் தலை எங்கும் இடிபட்டுவிடக் கூடாதென்று கொஞ்சம் கூடுதலாகவே இடித்தார். அறைக் கதவை அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த அவனுடைய கம்ப்யூட்டர், சென்டருக்கு வேண்டியதாயிற்றே என்று பால்ச்சாமி அதைத் தூக்கிக்கொண்டு, உடல் போன அதே ஓட்டை வழியாக வெளியே வந்தான். சாவு வீட்டில் அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள். சுடுகாட்டிலிருந்து வந்ததும் சமுத்திரம் சுவரை அடைத்துப் பூசினார்.

பால்ச்சாமி பெட்டியைத் திருப்பி ஓட விட்டான். திரையில் ஒரு கோட்டை வந்தது. மலை மேலிருந்து ஊரைப் பார்க்கிற மாதிரி, சாய்வாக, மதிலும் கிணறும் கூரையில்லாத வீடுகளும் தெரிந்தன.

"இது அவன் விளையாண்ட கேம் மாமா. கல்லு, மரம் சேத்துக் கோட்டை கட்டணும். வேண்டாம்னா இந்தா, இந்தக் கடப்பாரைப் படத்தை அமுக்கி இடிச்சுரலாம். இடிச்சா பாதிக் கல்லுதான் திரும்ப வரும்."

"பாதிதானா? என்கிட்டன்னா முக்கால்வாசி தேறும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் சமுத்திரம்.

வைகுண்டராஜோடு எத்தனை முறை பேசிய பேச்சு இது. "நீங்க ஊர்ல இடிக்கிறதையெல்லாம் நான் இதுக்குள்ள கட்டிக்கிட்டு வாரேன் யப்பா" என்பான். சும்மா சொல்கிறான் என்று நினைத்திருந்தார். இப்போது பார்த்தால், சோழபுரத்தில் போன வருஷம் அவர் தரைமட்டமாக்கிய மிராசு வீடு அங்கே நின்றது. சத்திரப்பட்டிப் பக்கம் இடித்த தறிக் கொட்டகை நின்றது. எல்லாவற்றுக்கும் நடுவில் அவருடைய வீடு இருந்தது. கிணறு, மாடிப்படி, மகனுடைய அறை, ஒன்றும் பிசகவில்லை.

"அவன் படுத்துக்கிடந்தப்பக் கட்டினது. அதுக்குப் பொறவு நான் தொடல, பிள்ளைகளையும் தொட விடல. பின்சுவரைப் பாருங்க."

பின்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு மட்டும் நிறம் மாறியிருந்தது. இடித்து அடைத்த அடையாளம். அதே அறை, அதே இடம்.

சமுத்திரம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அவனைப் பாருங்க மாமா."

மதிலோரம் ஒரு சின்ன ஆள் நடந்துகொண்டிருந்தான். விரல் நகம் அளவுதான் இருப்பான். வீட்டைச் சுற்றி வந்தான். கிணற்றைத் தாண்டினான், மாடிப்படியைத் தாண்டினான். திறந்து கிடந்த முன்வாசலையும் தாண்டிப் போனான். பின்சுவரில் அந்தத் துண்டு வந்ததும் நின்றான்.

செத்த நேரம் நின்றான். பிறகு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தான்.

"வாசல் திறந்துதானலே கிடக்கு?"

"கிடக்கு. அதுல நுழைய மாட்டேங்கான். அந்த இடத்துல வந்துதான் நிக்கான். தினமும் உச்சி வெயில்ல. பெட்டியை அணைச்சுப் போட்டாலும் மறுநாள் இதே நேரத்துக்கு வந்துருதான்."

அறைக்குள் எங்கிருந்தோ நனைந்த செங்கல் வாசனை வந்தது. அந்த வாசனையைச் சமுத்திரத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் மனைவி பரிபூரணம் நாலு மாதமாக ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுதில் யாரோ வீட்டைச் சுற்றி நடக்கிறார்கள் என்பாள். பின்சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் நின்றுவிடுகிறது என்பாள். ஆடு மாடாக இருக்கும், சும்மா கிட என்று அதட்டியிருந்தார். அவள் மறுத்துப் பேசியதில்லை. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தின்பாள். அவளுக்கு அன்றாடம் இறங்குகிற சோறு அது ஒன்றுதான்.

"அந்த இடத்துல இன்னொரு சுவரை வை" என்றார் சமுத்திரம்.

"மாமா, அது நம்ம வைகுண்டம்..."

"எனக்குத் தெரியாதாலே? பெத்தவன்லா நான். வீட்டுல அவ ஒருத்திதான் இருக்கா. உள்ள வந்தா அவளைக் கூட்டிட்டுப் போயிருவான். வை. கல்லுச் சுவரா வை."

பால்ச்சாமி வைத்தான். அந்தச் சின்ன ஆள் சுற்றி வந்து, புதுச் சுவருக்கு முன்னால் நின்றான். முன்பு நின்றதைவிட அதிக நேரம் நின்றான். பிறகு சுற்றவில்லை. திரும்பி, திரையின் ஓரத்தில் ஒரு மரத்தடிக்குப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

சமுத்திரம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மறுநாள் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது, பரிபூரணம் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு காய்ந்திருந்தது.

"இன்னைக்கு வரல" என்றாள்.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் சோற்றைத் தொடவே இல்லை. தண்ணீரைக் கொடுத்தால் வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்துபோய் இருப்பாள். டாக்டர் வந்து ஊசி போட்டார், டானிக் எழுதிக் கொடுத்தார். "நான் என்ன தப்புப் பண்ணினேன், ஏன் வர மாட்டேங்கான்" என்று சுவரைப் பார்த்தே கேட்டாள். மகனோடு போய்விடுவாளோ என்று பயந்து சுவர் வைத்த மனுஷன், அந்தச் சுவராலேயே அவள் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போடவில்லை.

"அன்னைக்கு நீங்க சுவரை அடைச்சப்ப, இடிச்ச செங்கலையேதான கழுவி வச்சீக?"

சமுத்திரம் விழித்தார். யோசித்தால் அப்படித்தான். சுடுகாட்டிலிருந்து வந்த கையோடு, கண்ணீரும் சளியுமாக உட்கார்ந்து, செங்கலில் ஒட்டியிருந்த காரையைக் கொத்தி உதிர்த்து, தண்ணீர் ஊற்றி, அதையே அடுக்கினார். ஒரு கல்லை வீணாக்கத் தெரியாத கை. புதுக் கல் வாங்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

"அடைப்புச் சுவருக்குப் புதுச் செங்கல்தான் வைக்கணும். பழைய கல்லு வழி காட்டிக் கொடுத்துரும்பாக. நான் நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"வரட்டும்னுதான்" என்றாள் பரிபூரணம்.

மறுநாள் அவளைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார். சாவுக்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வந்தது அன்றைக்குத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கப் போகும்போது, "எனக்கு ஒண்ணுன்னா என்னைய வாசல் வழியாத் தூக்காதீக" என்றாள். அவர் காதில் விழாதது மாதிரி இருந்தார்.

பால்ச்சாமி நாற்காலியில் மெத்தை போட்டு வைத்திருந்தான். "இங்க உக்காருங்க அத்தை." அவள் உட்கார்ந்து, அந்த மரத்தடியில் முதுகு காட்டி இருந்த சின்ன ஆளைக் கண்டதும், கண்ணாடித் திரையில் விரலை வைத்து அவன் முதுகைத் தடவினாள்.

"மெலிஞ்சிட்டான்" என்றாள்.

கடப்பாரைப் படத்தை எப்படி அமுக்குவது என்று பால்ச்சாமி காட்டிக் கொடுத்தான். சமுத்திரம் அவள் கையைப் பிடித்துத் தடுக்கத்தான் நினைத்தார். ஆனால் அவள் முகத்தில் நாலு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கல்சுவர் சரிந்தது. உள்ளே இருந்த பழைய துண்டும் சரிந்தது. பாதிக் கல் கணக்கில் ஏறியது.

மரத்தடியில் இருந்தவன் எழுந்தான்.

நேராக நடந்து வந்தான். ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றான். பரிபூரணம் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். "வாய்யா, உள்ள வா" என்று கிசுகிசுத்தாள்.

அவன் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

அப்போது வீட்டுக்குள் ஒரு பெண் தெரிந்தாள். அவனைப் போலவே விரல் நகம் அளவு. பின்கட்டிலிருந்து கிளம்பி, அறைக்குள் நுழைந்து, ஓட்டையை நோக்கி மெல்ல நடந்தாள்.

"யாருலே அது? நீ வச்சதா?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல."

அந்தப் பெண் ஓட்டையில் நின்று ஒரு தரம் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

கரண்டு போனது. ஏசி நின்றது. இருட்டிய திரையில் மூன்று பேர் முகமும் தெரிந்தது. யாரோ ஈரக் கலவையைக் கிளறுகிற சத்தம் எங்கேயோ கேட்டது.

"போவோம்" என்று எழுந்தாள் பரிபூரணம். "எனக்குப் பசிக்கி."

வீட்டுக்கு வந்து, குழம்பு ஊற்றி, இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சமுத்திரத்துக்கு உயிர் வந்தது. கண்டதெல்லாம் மனப்பிராந்தி, இவள் தேறிவிட்டாள் என்று நினைத்தார். அவள் பின்கட்டில் பாயை விரித்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தாள். சாயங்காலம் காப்பியோடு போய் எழுப்பினார்.

எழுந்திருக்கவில்லை.

பஞ்சாங்கத்தைப் பார்த்த பெரியவர்கள், நல்ல நட்சத்திரம், ஒரு தோஷமும் இல்லை, வாசல் வழியாகவே தூக்கலாம் என்றார்கள். சமுத்திரம் கேட்கவில்லை. அடைப்பு முடியாத அறையைத் திறந்தார், கடப்பாரையை எடுத்தார். தடுக்க வந்தவர்களை அவர் பார்த்த பார்வையில் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். தன் கையால் அடுக்கிய அதே செங்கல்களை மறுபடியும் பெயர்த்து, மகன் போன வழியிலேயே அவளையும் அனுப்பினார்.

"எப்பய்யா அடைக்கப் போறீரு?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"அடைக்கப் போறதில்ல."

அப்படியே விட்டார். அந்த அறையிலேயே படுத்தார். தினமும் உச்சி வெயிலில் அந்த ஓட்டைக்கு எதிரே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் வருவார்கள், மூன்றாவதாகத் தானும் எழுந்து போய்விடலாம் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. சாவது பற்றிய பயம் கொஞ்சமும் இல்லை. தனியாக இருப்பதுதான் பயமாக இருந்தது. கருவேல மரத்தில் காக்கா கத்துகிற சத்தம் கேட்கும், வெயில் ஓட்டை வழியாக உள்ளே வந்து போகும். அவர்கள் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். "அதைப் போடுலே" என்றார். பால்ச்சாமி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் போட்டான்.

வீட்டுக்குள், மகனுடைய அறையில், ஒரு கிழவன் தனியாக உட்கார்ந்திருந்தான். ஓட்டைக்கு வெளியே இரண்டு பேர் நின்றார்கள்.

"பரிபூரணம்" என்றார் சமுத்திரம். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "பாத்தியாலே, கூட்டிட்டுப் போக வந்துட்டாக."

அவர்கள் உள்ளே வரவில்லை. குனிந்தார்கள். ஒரு வரிசைக் கல் எழுந்தது. அதன் மேல் இன்னொரு வரிசை எழுந்தது.

"மாமா... அடைக்காங்க மாமா."

சமுத்திரம் அவன் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கினார். அவர் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை. கடப்பாரைப் படத்தை அமுக்கி அமுக்கிச் சுவரை இடித்தார். இடிக்க இடிக்க அவர்கள் வைத்துக்கொண்டே இருந்தார்கள். வாழ்நாள் முழுக்க இடித்தே பிழைத்த மனிதருக்கு அந்தச் சின்னச் சுவரை இடித்து மாளவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, செருப்பைக் கூட மாட்டாமல் படியிறங்கிப் பஸ்ஸுக்கு ஓடினார்.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் திறந்தார்.

உள்ளே இருட்டாக இருந்தது.

ஓட்டை இல்லை. சுவர் முழுசாக நின்றது. தடவிப் பார்த்தார். கலவை ஈரம் விரலில் ஒட்டியது. செங்கலும் புதுசு, வழி காட்டிக் கொடுக்கப் பழைய கல் ஒன்றுகூட இல்லை. சூளைச் சூடு அதில் இன்னும் ஆறவில்லை.

கடப்பாரையை எடுத்து ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. சுவருக்கு மிக நெருக்கத்தில், அந்தப் பக்கம், இரண்டு பேர் மூச்சு வாங்குவது கேட்டது. வேலை செய்து களைத்தவர்களின் மூச்சு.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு நெற்றியை ஈரச் சுவரில் வைத்தார்.

"ஏலே வைகுண்டம். ஏட்டி. என்னைய மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீக? ஒரே ஒரு கல்லை எடுத்து விடுங்க. பேசக்கூட வேண்டாம். செத்த நேரம் பாத்துக்கிடுதேன்."

மூச்சுச் சத்தம் நின்றது. பிறகு அவர் நெற்றிக்கு நேராக, அந்தப் பக்கமிருந்து, கொத்தனார் கரண்டிக் காம்பால் செங்கலைத் தட்டி இறுக்கினார்கள்.